நூற்றொன்றாம் நம்பர் அறை

இர்ஷாத் இன்டர்நெஷனல் ஹோட்டல்ஸ் கம்பெனியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அதைத் தொடங்கியவன் நான். தலைவர் நான், மனேஜர் நான், வரவேற்பில் நிற்பவன் நான், அடைத்துக்கொண்ட கக்கூஸில் கம்பியை விட்டுக் குத்துகிறவனும் நான்தான். ‘ஹோட்டல்ஸ்’ என்று பன்மையில் எழுதியிருப்பதைப் பார்த்து எங்கள் ஊர் காத்தான்குடியில் சிரிக்காத ஆள் இல்லை. இரண்டு கிளை இருந்தால் பன்மைதானே? ஒன்று இங்கே, மற்றது கட்டாரில். கட்டார்க் கிளை என்பது என் மச்சினன் நௌஷாட் வேலை செய்கிற தேத்தண்ணிக் கடையின் பிரிஜ்ஜில் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கர். கடை அவனுடையதுமல்ல, ஒரு மலையாளியுடையது. எங்கள் கம்பெனியில் தனக்கும் பங்கு உண்டு என்பது அந்த மலையாளிக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் கம்பெனி என் மகள் முப்லிஹாவின் கலியாணத்தைக் கெடுக்கப் பார்த்தது. கம்பெனி பாவம், அது என்ன செய்யும்? நான்தான் கெடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து பெண்ணின் வீட்டில் குடியேறுவார். நானும் அப்படிப் பெட்டியோடு வந்து ஏறினவன்தான். என் மனைவி றுக்ஷானாவுக்கு அவளுடைய வாப்பா கட்டி எழுதிக்கொடுத்த வீடு அது. அவள் அதை முப்லிஹாவுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு அந்த வீட்டில் என்ன உரிமை என்று கேட்டால், சட்டை கொழுவ ஒரு ஆணி இருந்தது. அந்த ஆணியை வைத்துக்கொண்டுதான் நான் சர்வதேசக் கம்பெனி தொடங்கினேன்.

புத்தி கெட்டது கட்டாரில். உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கிற ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை எனக்கு. சேர்ந்த முதல் நாள் எங்களைக் குளிரான அறையொன்றில் இருத்தி, கம்பெனி வரலாற்றைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். ஏதோவொரு குளிர் நாட்டில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மனிசன் எட்டு அறையோடு சத்திரம் ஒன்று தொடங்கினானாம். பிறகு பக்கத்து ஊரில் ஒன்று. பிறகு பக்கத்து நாட்டில் ஒன்று. அப்புறம் படத்தில் கொடி கொடியாக வந்தது, எண்ண முடியவில்லை. கூட இருந்த நேபாளக்காரனும் பங்களாதேஷ்காரனும் குளிருக்குச் சுகமாகத் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் கண் வெட்டாமல் பார்த்தேன். எட்டு அறையோடு அவன் தொடங்கினால் மூன்று அறையோடு நான் தொடங்கக் கூடாதா? அல்லாஹ் அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் தூக்கத்தைக் கொடுத்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் போர்ட் மாட்டினேன். மேல்மாடியில் முப்லிஹாவுக்கென்று கட்டிய பெரிய அறைதான் கம்பெனியின் முதல் அறை. கதவில் பித்தளைத் தகடு அடித்து 101 என்று நம்பர் போட்டேன். ஒன்று என்று போட்டால் ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நூற்றொன்று என்றால் இன்னும் நூறு எங்கேயோ இருக்கிறது என்று ஆட்கள் நினைப்பார்கள். இன்டர்நெட்டில் ‘வாவியைப் பார்த்தபடி அறை’ என்று போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. யன்னலுக்கு முன்னால் பக்கத்து வீட்டு மதில் நிற்கிறது, அதற்கு அப்பால் வாவி, நாங்கள் ஆறு என்போம். ஒரு கதிரையைப் போட்டு ஏறி நின்றால் தெரியும். ஆகவே அறையில் ஒரு கதிரை வைத்தேன்.

முதல் நாளே ஆட்கள் வந்து குவிந்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது. முன்னால் நின்றவர் கேட்டார்:

“தம்பி, ரெண்டு சோத்துப் பார்சல். கோழி போட்டு.”

எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. இது கைக்குழந்தைக்கும் தெரியும். கட்டாரில் இருந்த காலத்தில் நான் அதையும் மறந்துபோனேன். “இது படுக்கிற ஹோட்டல், திங்கிற ஹோட்டல் இல்ல” என்று நின்று நின்று விளக்கினேன். “படுக்கிறதுக்கு எங்களுக்கு வூடு இரிக்கிதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். றுக்ஷானா உள்ளே இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பெரிய சட்டி ஒன்றை அடுப்பில் ஏற்றினாள். அன்றிலிருந்து கம்பெனியை ஓட்டியது அவளுடைய சோற்றுப் பார்சல்தான். நான் அதைக் கம்பெனியின் ‘உணவுப் பிரிவு’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் என்னை என்னவென்று சொன்னாள் என்பதை எழுத முடியாது.

பிறகு விரிவாக்கம். அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது எனக்காகத்தான். முப்லிஹா கீழ் அறைக்கு வந்தாள். கொஞ்ச நாளில் அந்தக் கீழ் அறையும் 102 ஆனது. அவள் எங்கள் அறைக்கு வந்தாள். அது 103 ஆனபோது, நானும் றுக்ஷானாவும் ஹோலில் பாய் விரித்தோம். முப்லிஹா குசினிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்குகிற அறைக்குள் போனாள். கூடாரத்துக்குள் ஒட்டகம் புகுந்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்கள் கதையில் ஒட்டகத்தை இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டு அழைத்தவன் நான்.

கொரோனா வந்தபோது உலகத்தின் பெரிய பெரிய ஹோட்டல்களெல்லாம் மூடின. நாங்களும் மூடினோம். அந்த ஒரு விசயத்தில் நாங்கள் அவர்களுக்குச் சரிசமம்.

முப்லிஹா பல்கலைக்கழகம் முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம், ஷாமிலின் சம்பந்தம் வந்தது. பையன் மட்டக்களப்பில் மருந்துக்கடை வைத்திருக்கிறான், நல்லவன். அவளுக்கும் விருப்பம். எனக்கு அவள் சொல்லவில்லை. ஆனால் உம்மாவுக்குத் தலைவலி என்று கிழமைக்கு இரண்டு தரம் அந்தக் கடைக்குப் போனவள் அவள். றுக்ஷானாவுக்குப் பிறந்ததிலிருந்து தலைவலி வந்ததில்லை, நான் போர்ட் மாட்டிய நாள் தவிர.

ஷாமிலின் உம்மா, ஆயிஷா உம்மா, ஆள் அனுப்பிச் சொன்னார்: “நாங்க சீதனம் எடுக்கிறல்ல. ஹராம். வூடு மட்டும் இருந்தாப் போதும். வெள்ளிக்கிழம அஸர் தொழுகைக்குப் பொறகு வந்து பாக்கிறம்.”

றுக்ஷானா அன்றைக்கே என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“இஞ்சாருங்க. வெள்ளிக்கிழம ஒரு நாளைக்கு இது வூடு. ஹோட்டல் இல்ல. போர்டக் கழட்டுங்க, கதவுல இரிக்கிற நம்பரக் கழட்டுங்க. ஒரு மனிசன்ட தலக்கறுப்பும் இஞ்ச காணப்படாது. விளங்கிச்சா?”

“விளங்கிச்சி.”

“இந்தக் கலியாணம் உங்களால நிண்டா, மறுகா நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியா.”

போர்டைக் கழற்றினேன். நம்பர் தகடுகளைப் பிறகு கழற்றுவோம் என்று வைத்தேன். வியாழக்கிழமை போன் ‘டிங்’ என்றது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த கம்பெனிக்கு ஒரு வெள்ளைக்காரன், சைக்கிளில் இலங்கையைச் சுற்றுகிறவன், அறை கேட்டு எழுதியிருந்தான். மறுத்தால் இன்டர்நெட்காரன் தன் பட்டியலில் எங்களைக் கீழே தள்ளிவிடுவான். ஒரே ஒருவன்தானே, மேல்மாடியில் கிடக்கட்டும் என்று றுக்ஷானாவுக்குத் தெரியாமல் ஏற்றிவிட்டேன். வெள்ளி மதியம் அவனிடம் எனக்குத் தெரிந்த இங்கிலிசில், வெளியே வராதே, குடும்பப் பிரச்சினை என்று சொன்னேன். அவன் என் தோளைத் தட்டி மிகவும் கவலைப்பட்டான். சொன்னபடி வெளியே வரவேயில்லை.

என் கணக்கு என்னவென்றால், வருகிறவர்கள் கீழே இருந்து பெண்ணைப் பார்ப்பார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள், போவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பார்கள் என்று நம்பிய ஒரே காத்தான்குடிக்காரன் நான்தான்.

ஆயிஷா உம்மா தன் தங்கையோடு வந்தார். ஸலாம் சொன்னார், முப்லிஹாவின் கன்னத்தைத் தடவினார், உடனே எழும்பிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர்ப் பைப்பைத் திறந்து பார்த்தார். கூரையைப் பார்த்தார். “மேல என்ன இரிக்கி?” என்று கேட்டுக்கொண்டே படியில் ஏறினார்.

“ராத்தா, மேல தூசி!” என்றேன்.

“தூசிக்குப் பயந்தா வூடு பாக்கேலுமா தம்பி?”

நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் றுக்ஷானா. நான் போய்ச் சேர்வதற்குள் 101 இன் கதவு திறந்துவிட்டது. உள்ளே அந்த வெள்ளைக்காரன் ஊரில் வாங்கிய புதுச் சாரனை அரையில் சுற்றிக்கொண்டு, மேலில் துண்டுத் துணி இல்லாமல், கதிரையின் மேல் ஏறி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி எங்களைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். அந்தக் குனிவில் சாரன் அவிழப் பார்த்தது. யா அல்லாஹ், பிடித்துக்கொண்டான்.

ஆயிஷா உம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டார்:

“என்ட மகனுக்கு முதலே இஞ்ச ஒரு மாப்புள வந்து ஏறிட்டாரா?”

அவருடைய தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றுக்ஷானாவுக்கு வரவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் சோறு வெந்துவிடும்.

கீழே வந்து எல்லோரும் இருந்தோம். ஆயிஷா உம்மா 102 ஐப் பார்த்தார், 103 ஐப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

“தம்பி, கேக்கிறது குத்தமில்ல. கதவுக்குக் கதவு நம்பர் கிடக்கு. இதுல புள்ளட வூடு எது?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்குமா? பழக்க தோசத்தில் கம்பெனி வரலாறு தானாகக் கிளம்பியது. “ராத்தா, ஒரு குளிர் நாட்டுல, ரயில் டேசனுக்குப் பக்கத்துல, எட்டு அறையோட ஒரு மனிசன்...” என்று தொடங்கி, பக்கத்து ஊர், பக்கத்து நாடு, கொடிகள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். நாளைக்கு நாமும் பாசிக்குடாவில் ஒன்று, திருகோணமலையில் ஒன்று என்று கையை விரித்தேன். ஆயிஷா உம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல கத. அந்த மனிசனுக்குப் பொம்புளப் புள்ள இருந்திச்சா?”

“தெரியா ராத்தா.”

“இருந்திருந்தா அந்தப் புள்ள எங்க படுத்திச்சி?”

கட்டாரில் பார்த்த படத்தை மனதுக்குள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். சத்திரம் வந்தது, வாசலில் அந்த மனிசன் வந்தான், அவனுக்குப் பின்னால் துணி உலர்த்துகிற ஒரு பெண் வந்தாள், பிறகு கொடிகள்தான். பிள்ளை எங்கேயும் இல்லை.

அப்போது முப்லிஹா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“நான் குசினிக்குப் பக்கத்துல நல்லாத்தான் படுக்கிறன் மாமி. அரிசி மூட்டையில சாஞ்சா தலகாணியும் தேவல்ல. வாப்பாட ஹோட்டல மட்டும் மூடச் சொல்லாதீங்க. மத்தவங்கட கட்டில விரிச்சி விரிச்சித்தான் அவரு என்னப் படிப்பிச்சவரு.”

என் பிள்ளை கலியாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகப் பேசினாள். அவள் என்னை ஏசியிருக்கலாம். நாலு பேருக்கு முன்னால், “வாப்பாக்கு விசர்” என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யுமில்லை. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று மேலே பார்த்தேன். ஹோலின் மின்விசிறியில் நான் ஒட்டிய கம்பெனி ஸ்டிக்கர் சுற்றிக்கொண்டிருந்தது. அழுதுவிட்டேன்.

றுக்ஷானா குரலை உயர்த்தவில்லை. “நீங்க மாப்புளயா வந்த அண்டைக்கி என்ட வாப்பா வாசல்ல நிண்டாரே, ஞாபகமா? நம்பர் போட்ட கதவயா காட்டினாரு? ‘இது உங்கட வூடு மகன்’ எண்டாரு.”

நான் எழும்பிப் போய் இழுப்பறையில் இருந்த திருப்புளியை எடுத்தேன். 102 ஐக் கழற்றினேன், 103 ஐக் கழற்றினேன். மேலே ஏறி 101 இன் திருகாணியைத் திருகினேன். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. வெள்ளைக்காரன் வெளியே வந்து தகட்டைப் பிடித்துக்கொண்டு உதவி செய்தான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது. கீழே வந்து அவர்களுக்கு முன்னாலேயே போனை எடுத்து இன்டர்நெட்காரனுக்குக் கடையை மூடிவிட்டேன் என்று அறிவித்தேன். “ராத்தா, வூடு முழுக்க முப்லிஹாட. மேல இரிக்கிற ஆள் மட்டும் நாளைக்குப் போவாரு” என்றேன்.

“யோசிச்சிச் சொல்றம்” என்று ஆயிஷா உம்மா எழும்பினார். எங்கள் ஊரில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் அநேகமாக முடிந்த கதை.

அன்றைக்கு அவர்களுக்கென்று ஆக்கியதையெல்லாம் வெள்ளைக்காரனை ஹோலில் இருத்திப் பரிமாறினாள் றுக்ஷானா. யாராவது சாப்பிடத்தானே வேண்டும். அவன் கையால் பிசைந்து சாப்பிட்டான், முப்லிஹாவிடம் தமிழ் எழுத்துப் படித்தான், காலையில் சைக்கிளில் வெல்லாவெளிப் பக்கம் போய்விட்டான்.

நாட்கள் போயின, பதில் இல்லை. முப்லிஹா மருந்துக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினாள். வீட்டில் ஒருவருக்கும் தலைவலி இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஷாமிலின் பெரிய மாமா, அதாவது ஆயிஷா உம்மாவின் பெரிய காக்கா, ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டோம். “ஹோட்டல் நடத்தின வூட்டுக்கு நம்மட புள்ளைய அனுப்பேலா. எவனெவனோ வந்து படுத்த இடம்” என்றாராம். அந்த மனிசன் சொன்னதில் என்ன பிழை?

ஒரு பின்நேரம் ஆயிஷா உம்மாவே போன் எடுத்தார். குரலில் சிரிப்பு இருந்தது.

“தம்பி, அந்த வெள்ளக்காரன் உங்களப் பத்தி இன்டர்நெட்டுல எழுதி இரிக்கான், பாத்தீங்களா? ஷாமில் வாசிச்சிக் காட்டினான்.”

கடையை மூடிய பிறகும் அவன் எழுதியது அதில் வந்திருந்தது. எனக்கு இரண்டு நட்சத்திரம்தான் போட்டிருந்தான், படுபாவி. எழுதியிருந்தது இதுதான்: ‘இது ஹோட்டல் இல்லை. ஹோட்டல் வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள். இது ஒரு குடும்பத்தின் வீடு. அவர்களுக்குப் பிரச்சினை வந்தால் நீங்களும் கூட இருந்து சாப்பிட வேண்டும். வாவியைப் பார்க்கக் கதிரையில் ஏற வேண்டும்.’

“பெரிய காக்காக்கு முன்னால வச்சிட்டன்” என்றார் ஆயிஷா உம்மா. “படுத்து எழும்பின வெள்ளக்காரனே ஹோட்டல் இல்ல, வூடுதான் எண்டு உலகத்துக்குச் சொல்லிட்டான், நீங்க என்ன புதுசா சொல்றீங்க எண்டு கேட்டன். சரி எண்டுட்டாரு. நாளக் குறிங்க தம்பி.”

ஒரு சர்வதேசக் கம்பெனிக்குக் கிடைத்த ஆகக் கேவலமான விமர்சனம் அது. அதை அச்செடுத்துச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டினேன்.

கலியாணம் நடந்தது. அன்றைக்கு ஷாமில் தன் பெட்டியோடு வாசலுக்கு வந்தான். எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது, கட்டாரில் பழகிய கை, பாய்ந்து போய்ப் பெட்டியைப் பிடித்தது.

“விடுங்க மாமா, நான் தூக்கிறன்!”

“நீங்க விடுங்க மகன்!”

வாசலில் இருவரும் இழுபறிப்பட்டோம். கடைசியில் நான்தான் வென்றேன். மேலே கொண்டுபோய் வைத்து, யன்னலைத் திறந்து, விளக்கைப் போட்டு, சுடுதண்ணீர் எந்தப் பக்கம் என்று காட்டி, கதிரை எதற்கென்றும் விளக்கிவிட்டு, கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஷாமில் பயந்துபோய்ப் பொக்கெட்டுக்குள் கையை விட்டான்.

“வாப்பா, நீங்க போகலாம்” என்றாள் முப்லிஹா. அவளுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் நின்றது.

“எத்தின மணிக்கு மாமா வெளியாகணும்?” என்று ஷாமிலும் சேர்ந்துகொண்டான், கள்ளன்.

“இந்தக் கம்பெனியில வாறதுக்கு மட்டும்தான் நேரம் மகன். நானும் இப்பிடித்தான் ஒரு பெட்டியோட வந்தன். இன்னும் ஒருத்தரும் போகச் சொல்லல்ல.” பிறகு என் மாமனார் வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். “இது உங்கட வூடு மகன்.”

கீழே இறங்கி வந்தேன். வீடு முழுக்க முப்லிஹாவுடையது என்று வாக்குக் கொடுத்தாயிற்று, இனி எங்கள் அறை அரிசி மூட்டை அறைதான். றுக்ஷானா மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளிக் கட்டில் போட்டிருந்தாள். கதவில் ஒரு புது ஆணி அடித்து, அந்தப் பித்தளைத் தகட்டைக் கொழுவியிருந்தாள். 101.

“என்னகா இது?”

“ஹெட் ஒபீஸ்” என்றாள், சிரிக்காமல். “முன்னால பார்சலுக்கு ஆள் நிக்கிது. மனேஜர் போய் என்ன வேணுமெண்டு கேளுங்க.”

போய்க் கேட்டேன். கோழி போட்டு இரண்டு பார்சல் வேணுமாம்.